ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு மேனுவல் மாட்டலாமா? காட்பாடி எஸ்எக்ஸ்4 கேள்விக்கு ஒரு விரிவான பதில்

காட்பாடி காந்தி நகரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வண்டி 2011 மாடல் மாருதி எஸ்எக்ஸ்4, பெட்ரோல், ஆட்டோமேட்டிக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காலையில் எடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது. சூடேறிய பிறகு இரண்டிலிருந்து மூன்றாவது கியர் விழும் நேரத்தில் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. ஏலகிரி ஏறினால் இன்னும் மோசம். பட்டறையில் கியர்பாக்ஸைப் பிரித்துச் செய்ய ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் இருபதாயிரத்துக்கு ஒரு மேனுவல் கியர்பாக்ஸ் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத் வைத்திருக்கும் மச்சான் கூட நிற்கிறேன் என்கிறார். வீட்டு போர்ட்டிகோவிலேயே மாற்றிவிடலாமா என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில், வண்டியை அதிகம் ஓட்டுவது அப்பாதான், அவருக்கு மூட்டு வலி என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் கேட்பது மாட்ட முடியுமா என்று. ஆனால் மனதில் இருப்பது அந்த ஒன்றரை லட்சத்தை எப்படித் தவிர்ப்பது என்பதுதான். இரண்டுக்கும் பதில் வேறு வேறு. கியர்பாக்ஸ் வேலையிலேயே பல வருஷம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த மாற்றத்தில் கிரீஸ் படிகிற வேலை பாதிதான், அதுவும் சுலபமான பாதி. மீதிப் பாதி வயரிலும் ஆர்சி புத்தகத்திலும் இருக்கிறது.

முதலில் உங்கள் பாக்ஸ் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். எஸ்எக்ஸ்4-ல் இருப்பது டார்க் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் உறுப்பு, வைத்த நாலு கியர் பாக்ஸ். அதற்குள் கியர் மாறுவது முழுக்க ஆயில் பிரஷரில் நடக்கிறது. ஆயில் சூடானால் இளகும். உள்ளே இருக்கும் சீல்கள் தேய்ந்திருந்தால் இளகிய ஆயில் கசிந்து பிரஷர் குறையும், உள் கிளட்ச் பிளேட்டுகள் இறுக்கிப் பிடிக்காது. அதைத்தான் நீங்கள் உறுமல் என்கிறீர்கள். ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. குறைந்த வேகத்தில் ஏறும்போது கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கும், அந்த உழைப்பு அத்தனையும் சூடாக மாறும். கத்திரி வெயிலில் வேலூர் 43 டிகிரியைத் தொடும் நாளில், கீழே கிளம்பும்போதே ரேடியேட்டர் திணறிக்கொண்டிருக்கும். ஆக உங்கள் வண்டி காட்டும் அறிகுறி தேய்ந்த பாக்ஸுக்கும் பொருந்தும், வெறுமனே ஆயில் குறைந்த பாக்ஸுக்கும் பொருந்தும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒன்றரை லட்சம் என்று சொன்னவர் அவசரப்பட்டிருக்கிறார்.

இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வண்டியை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, லீவரை ஒவ்வொரு நிலைக்கும் ஒருமுறை நகர்த்தி பி-யில் கொண்டுவந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தவறாகக் காட்டும். சிவப்பாக இருந்து அளவு மட்டும் குறைவென்றால் நல்ல செய்தி, எங்கே ஒழுகுகிறது என்று தேடினால் போதும். கறுத்து, தீய்ந்த வாடை அடித்து, துணியில் கரித்தூள் மாதிரி பொடி ஒட்டினால் உள் கிளட்ச் எரிந்திருக்கிறது. மூன்றாவது ஒன்று உண்டு, நம் பக்கத்தில் அதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆயில் ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் நிறத்தில் வரும். அப்படி வந்தால் ரேடியேட்டரின் உள்ளே இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, தண்ணீரும் கியர் ஆயிலும் கலந்துவிட்டன என்று அர்த்தம். கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரையே வருஷக்கணக்கில் ஊற்றினால் இது நடக்கும். நம் ஊர் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உங்கள் வீட்டு பாத்ரூம் குழாயே சொல்லும். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடிய பாக்ஸின் உள் கிளட்ச் பிளேட்டில் இருக்கும் ஒட்டுப் படலம் உரிந்துவிடும். ரேடியேட்டரை மாற்றாமல் பாக்ஸை மட்டும் செய்தால் மறுபடியும் அதே கதைதான்.

அடுத்தது ஸ்கேன். இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் படிக்கிற சின்ன ஸ்கேனர் போதாது, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். சோலினாய்டு, அதாவது ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வ், கெட்டதாக எரர் கோடு ஏதாவது வந்தால், அந்த வால்வுகள் உட்காரும் வால்வ் பாடி அளவில் வேலை முடிய வாய்ப்பு இருக்கிறது, பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டியிருக்காது. அப்படியே பேட்டரி டெர்மினலையும் பாடிக்குப் போகும் எர்த் வயரையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். வோல்ட்டேஜ் ஆடினால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் கோணங்கித்தனம் செய்யும், பழி மொத்தமும் பாக்ஸ் மீது விழும்.

பழைய பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால் வண்டி நின்றே போகும் என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. இதில் நூறு சதவீதம் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆயில் மாற்றிய வாரமே படுத்த வண்டிகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் மாற்றாவிட்டாலும் படுத்திருக்கும். உங்கள் ஆயில் வெறுமனே பழசாக மட்டும் இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். ஓட்டுநர் கையேட்டில் எந்த ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) எழுதியிருக்கிறதோ அதே வகைதான் ஊற்ற வேண்டும். ஒருமுறை வடித்தால் பாதிகூட வராது, மீதி கன்வெர்ட்டருக்குள் நிற்கும். ஆகவே கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

சரி, பாக்ஸ் உண்மையிலேயே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். மேனுவல் பொருந்துமா? பொருந்தும், இதில் சந்தேகமே இல்லை. அதே 1.6 லிட்டர் இன்ஜினுக்கு கம்பெனியே ஐந்து கியர் மேனுவலும் கொடுத்திருக்கிறது. சிக்கல் புதுப்பேட்டையில் 'எஸ்எக்ஸ்4 கியர்பாக்ஸ்' என்று கேட்கும் இடத்தில் ஆரம்பிக்கிறது. 2011-லிருந்து 1.3 லிட்டர் டீசல் எஸ்எக்ஸ்4 ஓடியது. அந்த டீசல் பாக்ஸ் உங்கள் இன்ஜினில் உட்காராது, ஆனால் கடையில் கிடப்பதில் டீசல் நிறையவே இருக்கும். 2007-ல் வந்த பழைய பெட்ரோல் வண்டியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் விவிடி இன்ஜின் அதற்குப் பிறகுதான் வந்தது, உங்களுடையது அதுதான். பாக்ஸ் பழசிலிருந்து வந்தாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டர் மட்டும் பழசிலிருந்து எடுக்கக் கூடாது.

அதனால்தான் வெறும் பாக்ஸை வாங்காதீர்கள் என்கிறேன். 2010-க்குப் பிந்தைய ஒரு பெட்ரோல் மேனுவல் வண்டி, விபத்தில் சிக்கி இன்ஷூரன்ஸ்காரர் டோட்டல் லாஸ் என்று கழித்துவிட்டது, முழுசாகக் கிடைத்தால் அதிலிருந்து மொத்த செட்டையும் எடுங்கள். கியர்பாக்ஸுடன் ஃபிளைவீல், அதன் போல்ட்டுகள், பிரஷர் பிளேட், மூன்று பெடல் கொண்ட பெடல் செட், கிளட்ச் இயக்கும் உறுப்புகள் மொத்தமும், கியர் லீவர், அதிலிருந்து பாக்ஸுக்குப் போகும் இணைப்பு, மவுண்டுகள், ஸ்டார்ட்டர் மோட்டார், இரண்டு டிரைவ் ஷாஃப்ட், பாக்ஸ் பக்கம் போகும் வயரிங், இன்ஜின் கம்ப்யூட்டர், அதோடு சேர்ந்த இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு), அதன் சாவி. போல்ட்டைக்கூட ஏன் சொல்கிறேன் என்றால், ஆட்டோமேட்டிக்கில் ஃபிளைவீல் இடத்தில் மெல்லிய ஒரு தகடுதான் இருக்கும். அதன் போல்ட் குட்டையாக இருக்கும், கனமான ஃபிளைவீலில் போட்டால் நாலு சுற்று நூல்தான் பிடிக்கும். கிளட்ச் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் மட்டும் புதுசு வாங்குங்கள், அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். இத்தனையும் சேர்த்தால் இருபதாயிரத்தில் ஆரம்பித்த கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். பட்டறை கேட்டதில் பாதியைத் தாண்டினால் எனக்கு ஆச்சரியமில்லை.

பாக்ஸைக் கையில் வாங்கும்போது இன்புட் ஷாஃப்ட்டைப் பிடித்துக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஐந்தும் ரிவர்ஸும் விழ வேண்டும், கரகரப்பு இருக்கக் கூடாது, ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டினால் தொளதொள என்று ஆடக் கூடாது. டிரெயின் போல்ட்டைத் திறந்து கொஞ்சம் ஆயிலை உள்ளங்கையில் விட்டு வெயிலில் பிடியுங்கள். மஞ்சளாகப் பித்தளைப் பொடி மின்னினால், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. பில் கட்டாயம் வாங்குங்கள், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்ற விவரத்தோடு. பில் இல்லாமல் கிடைக்கும் மலிவு சரக்குக்கு ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்ல நேரிடலாம்.

போர்ட்டிகோ வேலைக்கு வருவோம். ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்குக் கீழே தலையை விடாதீர்கள். எடை தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் நாலு வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் நொறுங்கும், முன்கூட்டிச் சத்தம் போட்டுவிட்டு நொறுங்காது. தண்ணீர் ஓட்டத்துக்காகச் சாய்த்துப் போட்ட டைல்ஸ் தரையில் ஸ்டாண்டு நழுவும். மச்சானிடம் சொல்லித் தடித்த பிளைவுட் பலகை போட்டுக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் பக்க மவுண்டைக் கழற்றியதும் இன்ஜின் ஒரு பக்கம் தொங்கும், அதை மேலிருந்து பிடித்து நிறுத்த வேண்டும். இதற்கு போர்ட்டிகோ சீலிங்கில் ஃபேன் மாட்டும் கொக்கியில் செயின் பிளாக் போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இரண்டு பக்க ஃபெண்டர் விளிம்பில் உட்காரும் சப்போர்ட் பார் வாடகைக்குக் கிடைத்தால் அதுதான் சரி.

இறக்கும்போது கன்வெர்ட்டரைத் தகட்டிலிருந்து பிரித்து, பாக்ஸோடு சேர்த்தே இறக்குங்கள். பாக்ஸ் மட்டும் வந்து கன்வெர்ட்டர் இன்ஜினில் நின்றுவிட்டால் ஆயில் அத்தனையும் முகத்தில்தான் கொட்டும். ஏற்றும்போது கிளட்ச் பிளேட்டை நடுமையத்தில் நிறுத்தும் அலைன்மென்ட் டூலை மச்சான் லேத்தில் பத்து நிமிஷத்தில் கடைந்துவிடுவார், அவர் உதவி உண்மையிலேயே பலன் தருவது அங்கேதான். பாக்ஸ் கையால் தள்ளும்போதே இன்ஜினோடு முழுசாக ஒட்டி உட்கார வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருக்கிறதே, போல்ட்டை முறுக்கி இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் பாக்ஸில் போல்ட் போகும் காது உடையும். பாதி நுழைந்த நிலையில் பாக்ஸைத் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், அந்த எடை கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியை வளைத்துவிடும். அப்புறம் எத்தனை அட்ஜஸ்ட் செய்தாலும் கிளட்ச் சுத்தமாக விடாது. ரேடியேட்டரிலிருந்து வரும் இரண்டு ஆயில் குழாய்களுக்கும் இனி வேலை இல்லை, ஒழுகாதபடி மூடிவிடுங்கள் அல்லது மேனுவல் வண்டி ரேடியேட்டரே போட்டுவிடுங்கள்.

இதுவரைக்கும் சொன்னது கருவியும் பொறுமையும் இருக்கிற யாராலும் முடியும். வயரிங்கில்தான் வீட்டு வேலைகள் அரைகுறையாக நிற்கின்றன. ஆட்டோமேட்டிக்கில் லீவர் பி-யிலோ என்-னிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் போகும். பாக்ஸைக் கழற்றினால் அந்த ஸ்விட்சும் போய்விடும், சாவியைத் திருகினால் ஒன்றும் நடக்காது. உடனே யாராவது வந்து இரண்டு வயரை முறுக்கி டேப் ஒட்டிவிடுவார்கள், வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிடும். எல்லோரும் கைதட்டுவார்கள். குடியாத்தத்திலிருந்து என்னிடம் ஒரு வண்டி வந்தது, வேறொரு இடத்தில் இப்படித்தான் செய்து அனுப்பியிருந்தார்கள். முதல் கியரில் நிறுத்தி வைத்திருந்த வண்டியை, ஏசி போடலாம் என்று வீட்டுப் பையன் வெளியே நின்றபடியே கையை விட்டு சாவியைத் திருகியிருக்கிறான். வண்டி எகிறிப் போய் காம்பவுண்டு சுவரில் மோதி நின்றது. நடுவில் யாரும் இல்லை. அந்த வயர் இரண்டும் கிளட்ச் பெடலில் இருக்கும் ஸ்விட்ச் வழியாகப் போக வேண்டும், பெடலை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக வேண்டும். ரிவர்ஸ் லைட்டும் அப்படித்தான், இனி மேனுவல் பாக்ஸில் இருக்கும் ஸ்விட்சிலிருந்து வயர் இழுக்க வேண்டும். லீவர் பி-க்கு வந்தால்தான் சாவியை உருவ முடியும் என்ற அமைப்பு உள்ள வண்டிகளில், மாற்றிய பிறகு சாவி வெளியே வராமல் நிற்கும் கூத்தும் நடக்கும்.

இன்ஜின் கம்ப்யூட்டரைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆட்டோமேட்டிக் வண்டியின் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஐடிலிங், பிக்கப் எல்லாம் எந்த அளவுக்குக் கெடும் என்பது வண்டிக்கு வண்டி மாறுகிறது, உங்கள் வண்டியைப் பார்க்காமல் யார் சொன்னாலும் அது குருட்டு ஜோசியம். மேனுவல் கம்ப்யூட்டர், இம்மொபிலைசர், சாவி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொன்று, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கியர்பாக்ஸ் இதில் அடங்குமா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது, ஏனென்றால் ஆர்சியில் கியர்பாக்ஸுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. ஆனால் மாடல் பெயரிலேயே 'ஏடி' (ஆட்டோமேட்டிக்) என்று அச்சாகியிருந்தால் வாதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. உங்கள் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். 2011-ல் பதிவான வண்டிக்கு 2026-ல் பதினைந்து வருஷம் முடிகிறது. பதிவைப் புதுப்பிக்க வண்டியை நேரில் காட்ட வேண்டும், அந்தக் கட்டணமே 2022 ஏப்ரலிலிருந்து 600-லிருந்து 5,000 ஆகியிருக்கிறது. 'ஏடி' என்று எழுதிய வண்டியில் மூன்று பெடல் இருந்தால் இன்ஸ்பெக்டர் கேட்பாரா, பார்க்காதது போல் விடுவாரா என்று பந்தயம் கட்டுவதைவிட, வேலை ஆரம்பிக்கும் முன்பே வேலூர் ஆர்டிஓ ஆபீசில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து க்ளைம் நேரத்தில்தான் தலைதூக்கும்.

இப்போது அப்பாவின் மூட்டுக்கு. வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாலை ஆறு மணிக்கு மாட்டினால் பத்தடிக்கு ஒருமுறை கிளட்ச் மிதிக்க வேண்டும். இடது காலா வலது காலா என்று நீங்கள் எழுதவில்லை. இடது என்றால் நான் பாக்ஸைப் பற்றிப் பேசவே மாட்டேன், இந்த யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள் என்பேன். வலது என்றாலும் அவரிடம் ஒருமுறை மேனுவல் வண்டியைக் கொடுத்து காட்பாடியிலிருந்து பாகாயம் வரை ஓட்டச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். அவருக்காகத்தான் ஆட்டோமேட்டிக் வாங்கினீர்கள் என்றால், ஒன்றரை லட்சத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து அவர் ஓட்ட முடியாத வண்டியை வாசலில் நிறுத்துவதில் என்ன லாபம்?

இதே கேள்வியை ஏஎம்டி (தானே கியர் மாற்றும் மேனுவல் பாக்ஸ்) வண்டிக்காரர்களும் கேட்கிறார்கள், 2014-ல் செலேரியோவில் வந்ததே, அந்த வகை. அது வேறு கதை. அதன் உள்ளே இருப்பதே மேனுவல் பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் இயக்கும் உறுப்பு மட்டும் மேலே உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் கோளாறும் அதில்தான் வரும். அவர்கள் இந்தப் பதிலைத் தங்கள் வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கணிப்பைக் கேட்டால், ஆயில் நல்ல நிறத்தில் இருந்து அளவு குறைவென்றாலோ சோலினாய்டு கோடு வந்தாலோ ஆட்டோமேட்டிக்கையே சரி செய்யுங்கள். உள் கிளட்ச் எரிந்திருந்து, அப்பாவின் காலும் ஒத்துழைத்து, முழு மேனுவல் வண்டியும் பில்லோடு கிடைத்து, ஆர்டிஓவும் தடை சொல்லாவிட்டால் மாற்றுங்கள், அப்போதும் வயரிங்குக்கு மட்டும் ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனை வையுங்கள். இதில் ஒன்று குறைந்தாலும், இருக்கும் நிலையில் விற்றுவிட்டு வேறு ஆட்டோமேட்டிக் பார்ப்பதே கணக்குக்குச் சரி. புதுப்பேட்டைக்காரருக்கு இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டிப்ஸ்டிக் துடைத்த துணியை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, ஸ்கேனில் வந்த கோடு நம்பர்களோடு இங்கே போடுங்கள். அந்தக் கோடு எந்த சோலினாய்டைக் காட்டுகிறது, பாக்ஸை இறக்காமல் முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.